அத்தையின் மேல் உதட்டில் ஒரு பட்டாணி

போன ஆவணியில் மேலூரில் எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்து பெண்கள் எல்லாரும் திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். என் அத்தை மட்டும் முந்தானை நுனியை வாய்க்குக் குறுக்கே பிடித்தபடியே பேசினார், சிரிக்கும்போதுகூட எடுக்கவில்லை. "பல்லு வலிக்குதா அத்தை" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லத்தா, சும்மா இரு" என்றார். ஒன்றுமில்லாதவர் எதற்கு வந்ததிலிருந்து வாயை மூடிக்கொண்டே இருக்கிறார்?

நான் பல் மருத்துவம் முடித்து, மேற்படிப்பாக வாய் நோயியல் படித்தவள். மதுரையில் ஒரு லேபில் ஸ்லைடு பார்ப்பதுதான் வேலை. ஆளைப் பார்ப்பது குறைவு, ஆளிடமிருந்து எடுத்த சதைத் துண்டைப் பார்ப்பதுதான் அதிகம். கன்னத்தில் புண், நாக்கில் வெள்ளைத் திட்டு, ஈறில் வளர்ச்சி என்று மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கைப் பக்கமிருந்து தினமும் குப்பிகள் வரும். அதில் புகையிலையால் வந்தவை எத்தனை என்று எண்ண ஆரம்பித்தால் மனசு கனத்துப்போகும். அதனால் வெற்றிலையோடு புகையிலையும் போடுகிற அத்தை வாயை மறைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்காமல் இருக்குமா?

கொல்லைப்புறத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், குழாயடியில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயில் விழுகிற இடத்தில் நிற்க வைத்து, மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். புண் இல்லை. நடுவிலிருந்து இடது பக்கம் கொஞ்சம் தள்ளி, உள் சதை மேடாகி லேசாக நீலம் பாய்ந்திருந்தது. பக்கத்தில் மெல்லிய வெள்ளைக் கோடாக ஒரு பழைய தழும்பு. கட்டைவிரலை வெளியேயும் ஆள்காட்டி விரலை உதட்டுக்கு உள்ளேயும் வைத்து மெதுவாக அழுத்தினால், ஊறவைத்த பட்டாணி ஒன்று தோலுக்கடியில் வழுக்கி வழுக்கி நகர்கிற மாதிரி இருந்தது. மேல் தோலோடும் ஒட்டவில்லை, அடியில் எலும்போடும் ஒட்டவில்லை. அத்தைக்கு வலியும் இல்லை. கை வைத்த நிமிஷமே பாதி பயம் இறங்கிவிட்டது. மீதிப் பாதி, அந்தத் தழும்பைப் பற்றிக் கேட்டதும் மறுபடி ஏறியது.

"இது என்னத்தை தழும்பு?"

"மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு தடவ எடுத்தாச்சுத்தா. அதே எடத்துலதான் மறுபடி முளைச்சிருக்கு."

"எடுத்ததை எங்க அனுப்புனாங்க? ரிப்போர்ட் இருக்கா?"

"எங்கிட்டு அனுப்புறது? பஞ்சுல சுத்தி வாளியில போட்டுட்டாக. நீர்க்கட்டிதான், பயப்படாதீங்கன்னு சொன்னாக."

அந்த வாளிக்காகத்தான் இதை எழுதுகிறேன். யார் எடுத்தார்கள், எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, தையலும் சுத்தமாகத்தான் போட்டிருக்கிறார். ஆனால் அந்தத் துண்டை ஒரு குப்பியில் போட்டு அனுப்பியிருந்தால், மூன்று வருஷம் கழித்து நாங்கள் முட்டிக்கொண்ட ஒரு கேள்விக்குப் பதில் இருந்திருக்கும்.

அத்தைக்கு வயது 64. பூக்கட்டுகிற வேலை. விடியுமுன்னே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் மல்லிகை மொட்டு வாங்கிவந்து, வாசலில் உட்கார்ந்து சரம் சரமாகக் கட்டி வீடுவீடாகக் கொடுப்பார். வாழைநாரைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொண்டு கட்டுவது அவருக்குச் சின்ன வயசிலிருந்து வந்த பழக்கம். அதனால் வீட்டில் எல்லாரும், ஏன், முதலில் பார்த்தவரும்கூட, "நாரைக் கடிச்சுக் கடிச்சு வந்த கட்டி" என்று முடிவுகட்டிவிட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கண்முன்னால் ஒரு காரணம் கிடைத்துவிட்டால் அதற்குமேல் யாரும் தேட மாட்டார்கள்.

உதட்டுக்குள் உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. பொன்னுக்கு வீங்கி வந்தால் காதடியில் வீங்குமே, அந்தப் பெரிய சுரப்பியைத் தெரியும். அதுபோல தாடைக்கடியிலும் நாக்குக்கடியிலுமாகச் சேர்த்து மூன்று ஜோடி பெரிய சுரப்பிகள். இவை போக 600 முதல் 1000 வரை குட்டிக் குட்டிச் சுரப்பிகள் உதடு, கன்னம், அண்ணம், நாக்கு என்று வாய் முழுக்கச் சதைக்குள் சிதறிக் கிடக்கின்றன. கண்ணாடி முன் நின்று கீழ் உதட்டை வெளியே மடித்து, சுத்தமான துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். பனித்துளி மாதிரி பொடிப்பொடியாக நீர் அரும்பும். ஒவ்வொரு துளிக்கு அடியிலும் ஒரு சுரப்பி. இந்தப் பொடிச் சுரப்பிகளிலும் கட்டி வரலாம். அபூர்வம்தான், ஆனால் வரும்.

இங்கேதான் மேல் உதடா, கீழ் உதடா என்கிற கேள்வி முக்கியமாகிறது. நீர்க்கட்டி என்று எல்லாரும் சொல்கிற மியூக்கோசீல், பெரும்பாலும் கீழ் உதட்டில் வருவது. பல் பட்டோ கடித்தோ பொடிச் சுரப்பியின் குழாய் கிழிந்து, உமிழ்நீர் சதைக்குள் கசிந்து தேங்கி நிற்கும். பிள்ளைகளுக்கும் இளவட்டங்களுக்கும் அதிகம். திடீரென்று வரும், உடையும், வற்றும், திரும்ப ஊறும். மேல் உதட்டில் அது வருவது மிகக் குறைவு. அங்கே ஒரு கெட்டியான உருண்டை, வலியில்லாமல், மாசக்கணக்கில் வருஷக்கணக்கில் மெதுவாக வளர்கிறது என்றால், நீர்க்கட்டி என்று சொல்வதற்கு முன்னால் சுரப்பிக் கட்டியை நினைக்க வேண்டும். அப்படி வருகிறவற்றில் பெரும்பாலானவை சாதுவான கட்டிகள்தான். கீழ் உதட்டில் கதை வேறு. அங்கே நிஜமான சுரப்பிக் கட்டி வருவது இன்னும் அரிது, ஆனால் வந்தால் அது புற்றாக இருப்பதற்கான வாய்ப்பு மேல் உதட்டைவிட அதிகம். மியூகோஎபிடெர்மாய்டு கார்சினோமா என்கிற ஒன்று கீழ் உதட்டில் நீலமாக உப்பி, பார்ப்பதற்கு நீர்க்கட்டி மாதிரியே இருந்து ஏமாற்றிவிடும். ஆக மேலே வந்தாலும் சரி கீழே வந்தாலும் சரி, கண்ணால் பார்த்துப் பெயர் வைக்க முடியாது.

சரி, அத்தைக்கு வருகிறேன். அடுத்த வாரமே மதுரைக்கு வரவழைத்து, எனக்குத் தெரிந்த வாய் அறுவை மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். பக்கத்தில் நின்று கவனித்தேன். கட்டியைத் தொடவே அவர் நேரம் எடுத்தார். முதலில் மேல் முன்பற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, சில்லிப்பு தெரிகிறதா என்று சோதித்து, எக்ஸ்ரேயும் எடுத்தார். செத்துப்போன பல்லின் வேரிலிருந்து சீழ் கோத்தாலும் மேல் உதடு வீங்கும். மூக்கு மடலுக்கு அடியில் உப்பியிருக்கிறதா என்று பார்த்தார், அங்கே வருகிற நேசோலேபியல் சிஸ்ட் வேறு வகை. கல் மாதிரிக் கடினமாக இருக்கிறதா என்று தடவினார், பொடிச் சுரப்பிக்குள் சுண்ணாம்புக் கல் உருவாவதும் உண்டு, அது மேல் உதட்டிலும் கன்னத்திலும்தான் அதிகம். உதட்டுத் தோலைப் பஞ்சால் வருடி "தெரியுதாம்மா, மரத்துப்போன மாதிரி இருக்கா" என்று கேட்டார். மரத்துப்போனால் நரம்பைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், அது நல்ல அறிகுறி இல்லை. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் தடவினார். கன்னத்தின் உள்பக்கத்தையும் விடவில்லை. புகையிலையை நிறுத்தச் சொல்லி நான் பத்து வருஷமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அவர் ஒருதரம் சொன்னதும் அத்தை தலையாட்டினார்.

ஸ்கேனில் 9 மில்லிமீட்டர் அளவில், ஓரம் தெளிவாக, உருண்டையாகத் தெரிந்தது. உள்ளே அங்கங்கே நீர் கோத்த பொட்டுகள். நீலமாகத் தெரிந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது, ஆனால் பெயர் கிடைக்கவில்லை.

அடுத்தது ஊசி டெஸ்ட். நிறையப் பேர் இதுதான் கடைசி வார்த்தை என்று நினைக்கிறார்கள். மெல்லிய ஊசியால் கொஞ்சம் செல்லை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பது. காதடியில் பெரிய கட்டி என்றால் மிக உபயோகமான சோதனை, நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் உதட்டில் பட்டாணி அளவு கட்டிக்கு, அதுவும் செல்கள் எல்லாம் ஒரே மாதிரிக் கருநீலமாக நெருக்கமாக இருக்கிற வகைக்கு, ஊசியில் வருகிற நாலு கொத்துச் செல்லை வைத்து இது சாது, இது புற்று என்று பிரிப்பது கஷ்டம். செல்லின் முகத்தைப் பார்த்து மட்டும் முடிவு சொல்ல முடியாது, அது ஓரத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்துச் சதையைத் தள்ளிக்கொண்டு வளர்கிறதா, துளைத்துக்கொண்டு போகிறதா என்பது ஊசியில் வராது. இப்படிப்பட்டவற்றை எங்கள் ஆட்கள் "கட்டிதான், தன்மை நிச்சயமில்லை" என்கிற பிரிவில்தான் போடுவோம். அதற்கென்றே 2018-இல் வந்த மிலன் முறை என்கிற வகைப்பாட்டில் தனி இடம் இருக்கிறது. சின்னக் கட்டி, முழுசாக எடுப்பது சுலபம், எப்படியும் எடுக்கத்தான் வேண்டும். அதனால் ஊசியை விட்டுவிட்டு, கட்டியை முழுசாக எடுத்து அதையே டெஸ்டுக்கு அனுப்புவது என்று முடிவானது.

முழுசாக என்பதற்குக் காரணம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் லேபுக்கு ஒரு துண்டு வந்தது. இருபத்திச் சொச்சம் வயசுப் பையன், உசிலம்பட்டிப் பக்கம், மேல் உதட்டில் கட்டி. அதை மறைப்பதற்காகவே அடர்த்தியாக மீசை வளர்த்தானாம். வந்தது பிளியோமார்பிக் அடினோமா. சுரப்பிக் கட்டிகளிலேயே அதிகம் வருவது அதுதான். பொடிச் சுரப்பிகளில் அண்ணத்துக்கு அடுத்தபடி அது தேடுகிற இடம் மேல் உதடு. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒரு பக்கம் சுரப்பிச் செல்கள், இன்னொரு பக்கம் குருத்தெலும்பு மாதிரியான பகுதி, நடுவில் கொழகொழவென்று பசை மாதிரி. பல ரகமும் கலந்து கிடப்பதால்தான் அந்தப் பெயர். அது சாது. ஆனால் உறையைக் கிழித்துப் பிதுக்கி எடுத்தால் சிந்திய விதைகள் திரும்ப முளைக்கும். பல வருஷம் அப்படியே விட்டுவைத்தால் சிலருக்குப் புற்றாக மாறுவதும் உண்டு. அந்தப் பையனுக்கு எடுத்தவர் கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையோடு, உறை உடையாமல் எடுத்து அனுப்பியிருந்தார். ஓரம் முழுக்கச் சுத்தம். அந்த ஸ்லைடைப் பார்த்தபோது முகம் தெரியாத அந்தப் பையனுக்காக நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

அத்தைக்கு மரத்துப்போகிற ஊசி போட்டு, உதட்டின் உள்பக்கமாகவே கீறினார்கள், வெளியே தழும்பு தெரியாது. கட்டி தன் உறையோடு அழகாகப் பிரிந்து வந்தது. அப்போதுதான் மருத்துவர் கையை நிறுத்தினார். பக்கத்தில் கேழ்வரகு அளவில் இன்னும் இரண்டு சின்ன உருண்டைகள். தடவிப் பார்த்தபோது கைக்குச் சிக்காதவை. அவற்றையும், பக்கத்துப் பொடிச் சுரப்பிகளையும் சேர்த்தே எடுத்தார். இரண்டு தையல், கொஞ்சம் ஐஸ் ஒத்தடம். "இவ்வளவுதானா?" என்று அத்தை வீங்கின உதட்டோடு கேட்டார்.

குப்பியை நானே கையில் வாங்கிக்கொண்டேன். இந்த இடத்தில் சின்னதாகக் கிளினிக் வைத்திருக்கிற தம்பி தங்கைகளுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், கோவிக்காதீர்கள். சதையை உப்புத் தண்ணீரில் போட்டு அனுப்பாதீர்கள், வந்து சேர்வதற்குள் செல் ஊறி அழுகி, பார்க்க ஒன்றும் மிஞ்சாது. ஸ்பிரிட்டும் வேண்டாம். 10 சதவீத ஃபார்மலின், துண்டின் அளவைப்போல் பத்து மடங்காவது. வாய் அகலமான குப்பியாக இருக்கட்டும். கழுத்துக் குறுகிய பாட்டிலில் மெத்தென்று உள்ளே போன சதை, ஃபார்மலினில் விறைத்த பிறகு வெளியே வராது, பாட்டிலை உடைத்து எடுத்த நாளெல்லாம் உண்டு. கூட வருகிற தாளில் "உதடு, கட்டி" என்று மட்டும் எழுதாதீர்கள். மேல் உதடா கீழ் உதடா, எந்தப் பக்கம், எத்தனை நாளாக, முன்பு எடுத்ததுண்டா, எடுக்கும்போது கண்ணில் என்ன பட்டது என்று நாலு வரி. அந்த நாலு வரி எங்களுக்குப் பாதி வேலை. அத்தையின் தாளில் "இதே இடத்தில் மூன்று வருடம் முன் அறுவை, திசு ஆய்வு செய்யப்படவில்லை, தனித்தனியாக மூன்று உருண்டைகள்" என்று மருத்துவர் எழுதியிருந்தார். பின்னால் அந்த வரிதான் கைகொடுத்தது.

இரவு முழுக்க ஃபார்மலினில் கிடந்து, மறுநாள் மெழுகேறி, கட்டையாகி, 4 மைக்ரான் கனத்தில் சீவி, சாயம் ஏற்றி ஸ்லைடு என் மேஜைக்கு வர மூன்றாம் நாள். சொந்தக்காரர் ஸ்லைடை ஒற்றை ஆளாகப் பார்த்துக் கையெழுத்துப் போடக்கூடாது என்று எனக்கு நானே வைத்திருக்கிற விதி, அதனால் எங்கள் மேடத்தையும் உட்காரவைத்துக்கொண்டேன். முதலில் குறைந்த லென்ஸ். பெரிய உருண்டை, நல்ல உறை. உள்ளே உயரமான செல்கள் வரிசையாக நின்று, இரண்டிரண்டு வரிசையாக நீள நீளமாக ஓடுகின்றன. இரண்டு வரிசையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று தொடும், கொஞ்ச தூரம் விலகும், திரும்பத் தொடும். விலகின இடம் எல்லாம் சின்ன வாய்க்கால் மாதிரி. நடுவில் இருக்கிற சதை இளக்கமாக, அதில் நிறைய மெல்லிய ரத்தக் குழாய்கள். செல் உடைந்து பெருகுகிற அடையாளம் தேடினேன், இல்லை. செத்த பகுதி இல்லை. நரம்பைச் சுற்றி வளைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு நரம்பாகப் பார்த்தேன், இல்லை.

கேனாலிகுலர் அடினோமா, சாதுவான கட்டி. வாய்க்கால் என்கிற பொருளில்தான் அந்தப் பெயரே. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகள் அத்தனையையும் சேர்த்து எண்ணினால் நூற்றில் ஒன்று தேறும், அவ்வளவு அபூர்வம். ஆனால் வருகிற கட்டிகளில் நாலில் மூன்று பங்கு மேல் உதட்டில்தான் வரும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அத்தையை உட்காரவைத்து எழுதின மாதிரி இருக்கிறது. பழைய காலத்தில் இதையும் பேசல் செல் அடினோமா என்கிற இன்னொரு சாதுக் கட்டியையும் ஒரே மூட்டையில் கட்டி, ஒற்றை ரகக் கட்டி என்று ஒரே பெயரில் வைத்திருந்தார்கள். 1991-இல் வந்த உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டில்தான் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்தன.

நிம்மதியாக எழுதி முடித்திருக்கலாம். ஆனால் மேடம் ஸ்லைடை நகர்த்தி அந்தக் கேழ்வரகுகளில் கொண்டுபோய் நிறுத்தினார். அவை மட்டுமில்லை, கண்ணுக்கே தெரியாத அளவில் இன்னும் இரண்டு பொட்டுகள், பொடிச் சுரப்பிகளுக்கு நடுவில், பெரிய உருண்டையின் உறைக்கு வெளியே. பார்த்த மாத்திரத்தில் கட்டி உறையை உடைத்துக்கொண்டு வெளியே பரவுகிறது என்று தோன்றும். பரவினால் அது சாது இல்லை. பாலிமார்பஸ் அடினோகார்சினோமா என்கிற புற்று இப்படித்தான் செல்லைப் பார்த்தால் அப்பாவியாக இருக்கும், சத்தமில்லாமல் ஊடுருவும். அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா அதைவிட மோசம், நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போய், பல வருஷம் கழித்து நுரையீரலில்கூட எட்டிப் பார்க்கும். அதோடு இது ஒருமுறை எடுத்துத் திரும்ப வந்த கட்டி வேறு. அன்றைக்கு மதியச் சாப்பாட்டு டப்பாவை நான் திறக்கவே இல்லை.

கேனாலிகுலர் அடினோமாவுக்கு ஒரு குணம் உண்டு: ஒரே நேரத்தில் பல இடத்தில் முளைக்கும். பெரியதற்குப் பக்கத்திலேயே தம்பி தங்கையாகச் சின்னது சின்னதாக இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனி, ஒன்று இன்னொன்றிலிருந்து கிளைத்து வந்ததில்லை. இதைத் தெரியாமல் பார்த்தால் பரவல் என்று எழுதி, ஒரு பெண்ணின் பாதி உதட்டை வெட்ட வைத்துவிடலாம். அதனால் மெழுகுக் கட்டையை இன்னும் ஆழமாகச் சீவி, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு ஸ்லைடு போட்டுப் பார்த்தோம். எந்தப் பொட்டும் பெரிய உருண்டையோடு சேரவில்லை. ஒவ்வொன்றுக்கும் மழமழவென்று ஓரம், பக்கத்துச் சுரப்பியை ஒதுக்கிக்கொண்டு இருக்கிறதே தவிர துளைக்கவில்லை.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று சிறப்புச் சாயமும் போடக் கொடுத்தோம். எஸ்-100 என்கிற சாயம் நன்றாகப் பிடித்தது. பி63-உம் கால்போனினும் பிடிக்கவே இல்லை. பேசல் செல் அடினோமாவிலும் அடினாய்டு சிஸ்டிக்கிலும் சுரப்பியைச் சுற்றி நிற்கிற வெளிவரிசைச் செல்கள் பி63-ஐப் பிடிக்கும், கேனாலிகுலரில் அந்த வெளிவரிசையே கிடையாது. பாலிமார்பஸ் அடினோகார்சினோமாவும் எஸ்-100-ஐப் பிடிக்கும், ஆனால் கூடவே பி63-ஐயும் பிடிப்பது அதன் வழக்கம். சாயம் வந்த அன்றுதான் ரிப்போர்ட்டில் நானும் மேடமும் கையெழுத்துப் போட்டோம்.

ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது: "முந்தைய கட்டியின் திசு ஆய்வுக்குக் கிடைக்கவில்லை, எனவே இது மீண்டும் வந்ததா, தனியாகப் புதிதாக முளைத்ததா என்று கூற இயலாது." இதை எழுதும்போது கோபம் வந்தது. அந்தக் கட்டியும் இதே ரகம்தான், பக்கத்தில் இருந்த குட்டி ஒன்று அப்போது விட்டுப்போய் இப்போது வளர்ந்திருக்கிறது என்பது என் ஊகம். இல்லை, அது நிஜமாகவே நீர்க்கட்டியாகவும் இருந்திருக்கலாம். பாதி எடுத்துப் பாதி விட்டிருக்கவும் வாய்ப்புண்டு. எது என்று தெரிந்தால் அத்தையை எவ்வளவு நாளைக்கு ஒருமுறை பார்ப்பது என்பது தெளிவாகியிருக்கும். தெரியாததால் ஆறு மாசத்துக்கு ஒருமுறை என்று வைத்திருக்கிறோம்.

உங்கள் வாயிலிருந்தோ உங்கள் வீட்டாரின் வாயிலிருந்தோ யாராவது எதையாவது வெட்டி எடுத்தால், அது கடுகளவு இருந்தாலும், "டாக்டர், இதை டெஸ்டுக்கு அனுப்புறீங்கதானே?" என்று கேளுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்தாலும் பரவாயில்லை, கேளுங்கள். தனியாரில் செலவு என்று யோசித்தால் பெரியாஸ்பத்திரி இருக்கிறது, மருத்துவக் கல்லூரியிலும் பல் மருத்துவக் கல்லூரியிலும் நோயியல் துறை இருக்கிறது. ரிப்போர்ட்டை வாங்கிப் பத்திரமாக வையுங்கள், அதில் இருக்கிற எண்ணைச் சொன்னால் வருஷங்கள் கழித்தும் மெழுகுக் கட்டையைத் தேடி எடுத்து மறுபடி பார்க்கலாம்.

தை பிறந்ததும் அத்தை செக்கப்புக்கு வந்தார். உள்ளே தடவிப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. தையல் போட்ட கோடு மட்டும் விரலுக்குத் தெரிந்தது. முந்தானை தோளில்தான் இருந்தது. போகும்போது கேட்டார்.

"அந்தக் கட்டிய என்னத்தா செஞ்சீக? அதையும் வாளியிலயா?"

"இல்லத்தை. மெழுகுக்குள்ள வச்சு, நம்பர் போட்டுப் பத்திரமா இருக்கு. பாக்குறீங்களா?"

லேபுக்குள் கூட்டிப்போய், ஸ்டூலை உயர்த்திவைத்து, லென்ஸில் கண்ணை வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"ரெண்டு பக்கமும் மொட்டு வச்சுக் கட்டுன சரமாட்டம் இருக்குத்தா" என்றார். "இங்கிட்டு நெருக்கமா வந்துட்டு, அங்கிட்டு இளக்கமா விட்டுருக்கு."

ஆமாம் என்றேன். எட்டு வருஷமாக நான் ஸ்லைடு பார்க்கிறேன், எனக்கு அது தோன்றவே இல்லை.

"மொதல்ல எடுத்தாகளே, அதுவும் இதே மாதிரிதான் இருந்துருக்குமா?"

"தெரியலையே அத்தை."

திரும்பவும் குனிந்து லென்ஸில் கண்ணை வைத்துக்கொண்டார்.